பரளச்சிக்கு எம்.ஏ. என்ன தரும்?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்கிறவருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியராகச் சேர்கிறவருக்கு 36,900 ரூபாய். இருவருமே பி.எட். முடித்தவர்கள். முதலாமவர் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தோடு வந்தவர். இரண்டாமவர் அதற்கு மேல் இரண்டாண்டு எம்.ஏ.வோ எம்.எஸ்சி.யோ படித்துவிட்டு வந்தவர். அந்த இரண்டாண்டுக்கு அரசின் சம்பள அட்டவணை போட்டிருக்கும் விலை, மாதம் 500 ரூபாய்.

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்துப் பரளச்சி போன்ற ஊர்களில் இந்த 500 ரூபாயைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாராவது முன்கூட்டியே பேசியாக வேண்டும். வானம் பார்த்த பூமி அது. பருத்தி, மிளகாய், மல்லி, உளுந்து, குதிரைவாலி என்று மானாவாரியாகப் போட்டுவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கும் குடும்பங்கள். நிலம் கைவிட்ட இடத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் உண்டு. அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. இப்படிப்பட்ட வீட்டில் முதல் டிகிரி வந்து சேர்வதற்கே ஒரு தலைமுறையின் உழைப்பு போய்விடுகிறது. அது வந்த கையோடு அடுத்த கேள்வியும் வருகிறது: மேலே படிக்க வைக்கலாமா?

சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களும் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். ‘படிக்கட்டும், படிப்பு வீண்போகாது.’ நல்ல மனத்தோடு சொல்லப்படும் இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. எந்த வேலைக்கு விதிப்படி முதுகலை கேட்கிறார்களோ அந்த வேலையைக் குறிவைத்துப் படித்தால் அந்த இரண்டாண்டு பலன் தரும். எந்தக் குறியும் இல்லாமல், வேலை கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போகும் இடமாக எம்.ஏ.வில் சேர்ந்தால் அந்தக் காத்திருப்பின் செலவை மானாவாரிக் குடும்பம் தாங்காது. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பில் பள்ளியும் கல்லூரியும் அரசும் தவறிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாண்டின் கணக்கு

முதுகலைச் செலவு என்றதும் கல்லூரிக் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. அரசுக் கல்லூரியில் அது சிறிய தொகை. பெரிய செலவு, அந்த இரண்டாண்டில் சம்பாதிக்காமல் விடுகிற சம்பளம். டிகிரி முடித்த பிள்ளைக்கு மாதம் 15,000 ரூபாயில் ஒரு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மாதத்துக்கு அது 3,60,000 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒரு குடும்பம் ஆண்டில் நூறு நாளும் விடாமல் வேலை பார்த்தால் 33,600 ரூபாய் கிடைக்கும். அந்தக் குடும்பம் பத்தாண்டுக்கு மேல் பார்க்கும் நூறு நாள் வேலைக்குச் சமம், பிள்ளை விட்டுக்கொடுக்கும் சம்பளம். முதுகலை ஆசிரியருக்கு மாதந்தோறும் கூடுதலாக வரும் 500 ரூபாயை மட்டும் வைத்து, அகவிலைப்படியைச் சேர்க்காமல் கணக்கிட்டால், அதை ஈடுகட்ட 60 ஆண்டு ஆகும்.

பணம் கட்ட வேண்டிய மாதமும் தொல்லையானது. முதுகலைச் சேர்க்கை ஆடி, ஆவணியை ஒட்டி நடக்கிறது. உழவு, விதை, உரம் என்று காடு கைப்பணத்தைக் கேட்கத் தொடங்கும் பருவமும் அதுதான். மிளகாய் பழுத்துக் களத்தில் காய்ந்து வற்றலாகிக் காசாகும்போது மாசி, பங்குனி வந்துவிடும். நடுவில் கட்ட வேண்டிய விடுதிப் பணம் நகைக் கடனிலிருந்து வருகிறது, இல்லையென்றால் வட்டிக்கு வாங்கிய பணத்திலிருந்து வருகிறது.

இவ்வளவு கொடுத்து வாங்கும் பட்டம் உடனே வேலை தருகிறதா? அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட இந்திய வேலைநிலை அறிக்கை ஒரு கசப்பான எண்ணைச் சொன்னது. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகளில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 42 சதவீதத்துக்கு மேல். 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளிடம் அந்த எண் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கடைசியில் ஏதோ ஒரு வேலையில் எல்லோரும் அமர்ந்துவிடுகிறார்கள். அதற்குள் இருபதுகளின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளை நிரப்பத்தான் பலர் முதுகலையில் சேர்கிறார்கள்.

விதி கேட்கும் இடங்கள்

ஆனாலும் 500 ரூபாயோடு கணக்கை மூடிவிட முடியாது. பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். தேறியவர்களும் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018இல் அரசாணை 149 வந்தது. 2013இல் டெட் தேறிவிட்டுப் பணி நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் சென்னையில் திரும்பத் திரும்பப் போராடியதைத் தமிழ்நாடு பார்த்தது. முதுகலை ஆசிரியர் நேரடி நியமனத்துக்கு டெட் கிடையாது. ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் போட்டித் தேர்வு மட்டும்தான். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் பணி அது. பின்னாளில் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆவதற்கும் வழி இருக்கிறது. தனியார் பள்ளிகளும் மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலை படித்தவர்களைத்தான் தேடுகின்றன. எம்.ஏ., பி.எட். ஒருவரை வேறொரு வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதன் மதிப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது.

அந்த வரிசைக்கும் கண்டிப்பான நிபந்தனைகள் உண்டு. இளநிலையில் படித்த பாடத்தையே முதுகலையிலும் படித்திருக்க வேண்டும். பி.ஏ. வரலாறு படித்துவிட்டு எம்.ஏ. பொருளியலுக்கு மாறுவதை மாணவர்கள் ‘கிராஸ் மேஜர்’ என்கிறார்கள். அறிவுக்கு அது நல்லது. பள்ளி ஆசிரியர் பணிக்கு அது குறுக்கே வந்து நிற்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த அந்தச் சட்டம், 2020இல் திருத்தப்பட்ட பிறகு, முதல் வகுப்பிலிருந்து பணிக்கு வேண்டிய கடைசித் தகுதிவரை தமிழ்வழியில் படித்திருக்கச் சொல்கிறது. முதுகலை கேட்கும் பணிக்கு முதுகலையும் தமிழ்வழியில் இருந்தால்தான் அந்த முன்னுரிமை. பன்னிரண்டு ஆண்டு அரசுப் பள்ளியிலும் மூன்றாண்டு கல்லூரியிலும் தமிழ்வழியில் படித்த பரளச்சிப் பிள்ளை, கடைசி இரண்டாண்டில் யோசிக்காமல் ஆங்கிலவழியில் சேர்ந்தால், அந்தப் பணிக்கான பதினைந்தாண்டுத் தகுதியை விட்டுவிடுகிறார். சேர்க்கை மேசையில் இதைச் சொல்ல ஓர் ஆளாவது இருக்க வேண்டும்.

முதுகலையின் உண்மையான பலன் தெரிய வேண்டுமென்றால் கோவிலாங்குளத்தைப் பார்க்கலாம். அருப்புக்கோட்டையை அடுத்த அந்த ஊரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த வறண்ட நிலத்துப் பயிர்களை ஆராயும் இடம் அது. வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலராக வேளாண்மைப் பட்டயப் படிப்பு போதும். வேளாண்மை அலுவலராக பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக அமர எம்.எஸ்சி.க்கு மேல் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். முதல் இரண்டு படியில் இருப்பவர்கள் நல்ல ரகத்தையும் மானியத்தையும் விவசாயியிடம் கொண்டு சேர்க்கிறார்கள். மூன்றாவது படியில் இருப்பவர் அந்த ரகத்தையே உண்டாக்குகிறார். சோதனை வயலை எப்படி வகுப்பது, எந்தச் செடியை எந்தச் செடியோடு ஒட்டுச் சேர்ப்பது, கிடைத்த விளைச்சல் விதையால் வந்ததா மழையால் வந்ததா என்று எப்படிப் பிரித்தறிவது என்பதெல்லாம் இளநிலையில் தொட்டுக்காட்டப்பட்டு, முதுகலையில்தான் கையில் படிகின்றன. இந்த இடத்தில் கூடுதல் இரண்டாண்டை யாரும் வீண் என்று சொல்ல முடியாது.

கல்லூரி ஆசிரியர் பணியும் இப்படித்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 சதவீதமும், நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்ச்சியும் அடிப்படைத் தகுதி. தொடக்கச் சம்பளம் 57,700 ரூபாய். எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் அதே தகுதியோடு அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களாக வேலை பார்ப்பவர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 2023இல் அவர்களின் தொகுப்பூதியம் மாதம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டில் 11 மாதத்துக்குத்தான் அந்தப் பணமும். ஒரு பாட வேளைக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. முதுகலைக்கு மேல் முனைவர் பட்டமும் வாங்கியவருக்கு அரசே பாதிச் சம்பளம் கொடுக்கும்போது, தனியார் கல்லூரியிடம் அதைவிட நியாயத்தை எப்படி எதிர்பார்ப்பது?

டிகிரி போதும் என்கிற இடங்கள்

இப்போது மறுபக்கம். துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் பணிகளுக்கான குரூப் 1 தேர்வுக்கு ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் போதும். தொடக்கச் சம்பளம் 56,100 ரூபாய். முதுகலையும் நெட்டும் முடித்து வரும் உதவிப் பேராசிரியரின் சம்பளத்தைவிட 1,600 ரூபாய்தான் குறைவு. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். தேர்வுக்கும் டிகிரி போதும். குரூப் 2, வங்கி அதிகாரி, மத்திய அரசின் சி.ஜி.எல். தேர்வு எல்லாமே பொதுவாக டிகிரியோடு நின்றுவிடுகின்றன. எம்.ஏ. படித்ததற்காக இந்தத் தேர்வுகளில் ஒரு மதிப்பெண்கூடத் தனியாகக் கிடைப்பதில்லை.

குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே தகுதி. 2022இல் 7,301 பணியிடத்துக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு 300 பேர். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிக்கான அந்தக் கூட்டத்தில் எம்.ஏ.வும் எம்.எஸ்சி.யும் எம்.பி.ஏ.வும் படித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து பத்தாம் வகுப்புத் தரத்துக் கேள்விகளுக்கு விடை எழுதினார்கள். தேறினால் தொடக்கச் சம்பளம் 19,500 ரூபாய். வேலையைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஊருக்குள் கிராம நிர்வாக அலுவலரின் மதிப்பு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வேலைதான் குறி என்றால், அதற்கு முன் கழிந்த ஐந்தாண்டில் இரண்டாண்டையாவது அந்தத் தேர்வுக்கே கொடுத்திருக்கலாம்.

தனியார் துறையில் கணக்கு இன்னும் மாறுகிறது. விப்ரோ நிறுவனம் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. ஐந்தாண்டு ஒப்பந்தம் உண்டு. முதலாண்டில் கைக்கு வருவது 15,000 ரூபாயை ஒட்டிய தொகைதான். ஆனாலும் முடிவில் முதுகலைப் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் சேர்ந்து கையில் இருக்கும். ஸோகோ இன்னும் ஒரு படி கீழே இறங்கி, 2005 முதல் பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயமும் முடித்த பிள்ளைகளைத் தன் பள்ளியில் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. கணினித் துறையில் முதல் வேலைக்கு முன் செலவழிக்கும் முதுகலையைவிட, முதல் வேலைக்குப் பின் வரும் முதுகலை லாபம்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் இளநிலைப் பட்டதாரியின் வாரச் சம்பளம் நடுமதிப்பில் 1,493 டாலர். முதுகலைப் பட்டதாரிக்கு 1,737 டாலர். 16 சதவீதம் அதிகம். அந்த எண்ணைக் காட்டித்தான் இங்கே பலரும் முதுகலையின் மதிப்பைப் பேசுகிறார்கள். அங்கே சம்பளத்தைப் பெரும்பாலும் சந்தை தீர்மானிக்கிறது. இங்கே நம் பிள்ளைகள் குறிவைக்கும் வேலைகளில் அதைத் தீர்மானிப்பது அரசின் பணி விதி. வெளிநாட்டு முதுகலைக்குக் கடன் வாங்குகிறவர்களும் அந்தந்த நாட்டு விதிகளைப் படித்தாக வேண்டும். பாடம் நடத்தும் முதுகலைக்கு வரும் மாணவர்கள் குடும்பத்தினரை அழைத்துவர முடியாது என்று பிரிட்டன் 2024 ஜனவரியில் கதவைச் சாத்தியதை, கணவரோடும் குழந்தையோடும் போகத் திட்டமிட்டிருந்த பலர் கடைசி நேரத்தில்தான் அறிந்தார்கள்.

பட்டம் பெருகிய கதை

அரை நூற்றாண்டுக்கு முன் இந்தப் பக்கத்தில் எம்.ஏ. படித்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. காமராசர் பெயர் சூட்டப்பட்ட பிறகும் முன்பும் அது நடத்திய அஞ்சல்வழிக் கல்வி, தென்மாவட்டத்து ஆசிரியர்களையும் எழுத்தர்களையும் வேலையை விடாமல் எம்.ஏ. ஆக்கியது. அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கூடுதல் பட்டத்துக்கு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்ததால் அந்தப் படிப்பு சம்பளத்தில் தெரிந்தது. அந்தத் தலைமுறையின் அனுபவம்தான் ‘படிப்பு வீண்போகாது’ என்ற நம்பிக்கையை ஊரில் விதைத்தது. அவர்கள் வேலையில் இருந்துகொண்டே படித்தார்கள் என்ற பாதி மட்டும் மறந்துபோனது.

அதன் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக மாறின. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியே நேரடியாக வாங்கிய முதுகலை செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் கல்லூரி வேலைக்கு வழியாக இருந்த எம்.ஃபில்., அதே ஆண்டில் நெட் விலக்கை இழந்தது. 2022இல் மானியக் குழு அந்தப் பட்டத்தையே நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டில் 2020 மார்ச் 10ஆம் தேதியின் அரசாணை 37, உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வை ரத்து செய்தது. பத்தாண்டுக்கு முன் படித்த அண்ணனின் அனுபவத்தை வைத்துத் தம்பிக்கு வழிகாட்டினால், அண்ணன் நடந்த பாதை இப்போது இல்லை.

மகள் படிக்கும் எம்.ஏ.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இந்தக் கணக்குக்கு வேறு பொருள் உண்டு. நாடெங்கும் முதுகலை வகுப்புகளில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்று அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு சொல்கிறது. வேலைக்காக வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடு, படிப்புக்காக அனுப்பச் சம்மதிக்கிறது. டிகிரி முடித்ததும் தொடங்கும் கல்யாணப் பேச்சை இரண்டாண்டு தள்ளிவைக்கும் வல்லமை எம்.ஏ.வுக்கு இருக்கிறது. விடுதியில் தங்கி, ஊரைத் தாண்டிய நட்பு கிடைத்து, தன் வாழ்க்கையைத் தானே யோசிக்கும் வயது வருவதற்குள் அவசரமான முடிவு ஒன்று தலையில் விழாமல் இருப்பதே பெரிய லாபம். இதைப் பணக்கணக்கில் போட முடியாது, போடவும் கூடாது.

ஆனால் அந்த இடத்தில்தான் அரசு கையை விடுகிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவியாக இருந்த திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றியது தமிழ்நாடு செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இரண்டுமே முதல் பட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. முதுகலையில் சேரும் மாதத்திலிருந்து அந்த 1,000 ரூபாய் நின்றுவிடுகிறது. பேருந்து, புத்தகம், தேர்வுக் கட்டணம், கைபேசி டேட்டா என்று பெண்ணின் கையில் இருந்த சொந்தப் பணம் அது. அது நின்றதும் அவர் மறுபடி அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அப்பா மழையைப் பார்க்க வேண்டும்.

எங்கே படிக்கிறோம் என்பது

முதுகலையைப் பற்றி இவ்வளவு கேள்வி எழுப்பினாலும், கிராமத்துப் பிள்ளையை ஒரே தாவலில் தூக்கிவிடும் படிப்பாகவும் அது இருந்திருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த கே. சிவன், நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முடித்து, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.இ. முடித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். பின்னாளில் அதன் தலைவரானார். கோவை மாவட்டத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரையும் பி.எஸ்.ஜி.யில் எம்.இ. முடித்த அதே 1982இல்தான் இஸ்ரோவுக்குப் போனார். அவர்களுக்கெல்லாம் முன்னோடியான அப்துல் கலாமிடம் முதுகலைப் பட்டம் இல்லை. திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் பி.எஸ்சி.யும் எம்.ஐ.டி.யின் விமானப் பொறியியல் பயிற்சியும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. மூவரும் படித்த பட்டங்கள் வேறு வேறு. மூவருக்குமே தங்களுக்கு எந்தத் துறை வேண்டும் என்பது தெரிந்திருந்தது. அந்தத் துறையை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள்.

இன்றைக்கும் அப்படிப் போக வழிகள் உண்டு. கேட் தேர்வில் தேறி எம்.இ., எம்.டெக். சேர்கிறவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். க்யூட் நுழைவுத் தேர்வு எழுதினால் திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் முதல் டெல்லி, ஐதராபாத் வரை இடம் கிடைக்கும். முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். வரலாறோ தமிழோ பொருளியலோ, பாடத்தை உள்ளூர நேசிக்கும் பிள்ளைக்கு இந்தப் பாதை திறந்தே இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் ‘வேலைக்கு ஆகுமா?’ என்று கேட்டு மனத்தை ஒடிக்க வேண்டியதில்லை. நல்ல இடத்தைக் காட்டி, நுழைவுத் தேர்வுத் தேதியைச் சொல்லி, விண்ணப்பப் பணத்தைக் கட்டி அனுப்ப வேண்டும். சிக்கல் என்னவென்றால், விருதுநகர் மாவட்டத்தில் பிளஸ் டூ தேர்ச்சிக்குக் காட்டும் அக்கறையில் சிறுபகுதிகூட இந்தத் தேர்வுகளுக்குக் காட்டப்படுவதில்லை. 2023இல் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பின் வாசலைத் தாண்டவைத்த அதே ஆசிரியர்களும் அதிகாரிகளும், டிகிரி முடிப்பவரை க்யூட், ஜாம், கேட் வரை கொண்டுபோக முடியாதா?

செய்ய வேண்டியது

முதலாவது, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவியை அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளின் முதுகலை மாணவர்களுக்கும் நீட்டிக்க வேண்டும். 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. இளநிலை வரை பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதில் மாநிலம் வென்றுவிட்டது. அடுத்த படியில் யார் ஏற வேண்டும் என்பதை வீட்டின் வசதி முடிவு செய்ய விடக் கூடாது.

இரண்டாவது, கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தை மானியக் குழு சொன்ன அளவுக்கு உயர்த்தி, நிரந்தரப் பணியிடங்களைத் தாமதமின்றி நிரப்ப வேண்டும். 2021இல் அறிவிக்கப்பட்ட பத்துப் புதிய அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் ஒன்று திருச்சுழிக்குக் கிடைத்தது. அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் மதுரைக்கும் போக முடியாத பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். அங்கே முன்னால் நின்று பாடம் எடுப்பவரின் சம்பளத்தை மாணவர்கள் அறிவார்கள். முதுகலையின் மதிப்பை எந்த விளம்பரத்தைவிடவும் துல்லியமாக அதுதான் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, புதிய கல்லூரிகளில் முதுகலைப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது எந்தத் துறையில் ஆசிரியர் இருக்கிறார் என்பதை மட்டும் பார்க்காமல், ஆசிரியர் தேர்வு வாரியம் எந்தப் பாடத்துக்கு ஆள் கேட்கிறது, கோவிலாங்குளத்து ஆராய்ச்சி நிலையத்துக்கும் இந்த மாவட்டத்து மருத்துவமனைகளுக்கும் ஆலைகளுக்கும் என்ன படித்தவர் வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது வேலைக்குத் தனி நிதிகூட வேண்டாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் இளநிலைக்கும் முதுகலைக்கும் தனித்தனியாக ஒரு விவரம் கொடுக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் சம்பளம் நடுமதிப்பில் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது கல்லூரியின் இணையதளத்திலும் வெளியிடப்படுகிறது. ஆங்கிலத்தில், எங்கோ ஒரு மூலையில் இருப்பதால் பரளச்சியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வரும் தகப்பன் அதைப் பார்ப்பதில்லை. அதே விவரத்தைத் துறைவாரியாகப் பிரித்து, தமிழில், சேர்க்கை நடக்கும் அறையின் சுவரில் ஒட்டச் சொல்லிக் கல்லூரிக் கல்வி இயக்ககம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கூடவே கிராஸ் மேஜர் விதியையும் தமிழ்வழி விதியையும் நான்கு வரியில் எழுதி வைக்கலாம். வரும் சேர்க்கைக்கே இதைச் செய்ய முடியும். தரவரிசைக்கு விண்ணப்பிக்காத கல்லூரிகளும், தங்களிடம் படித்துப் போன கடைசி மூன்றாண்டு மாணவர்களைக் கைபேசியில் அழைத்து அந்த விவரத்தை ஒரு மாதத்துக்குள் திரட்டிவிடலாம்.